மாமனார் பக்கத்தை நான் பத்திரப்படுத்திய விதம்

இணையத்தில் ஒரு பக்கத்தை புக்மார்க் செய்துவிட்டால் அது நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைத் தூரத்தில் நின்று பார்த்த வயதில் இல்லை. கல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புரோகிராமராக மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வயதில். யாராவது கேட்டிருந்தால், "அதெப்படி, அது வெறும் முகவரிதானே, பக்கம் எங்கேயோ ஒரு சர்வரில் அல்லவா இருக்கிறது" என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். மூளைக்கு எல்லாம் தெரியும். நட்சத்திரக் குறியை அழுத்திய விரலுக்கு மட்டும் தெரியாது. அது அழுத்திவிட்டு, பீரோவைப் பூட்டிய மாதிரி நிம்மதியாக இருந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்தில் இணையம் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதன் மோடம் கழுத்தை நெரித்தது போலக் கத்தி முடித்ததும் வரிசையில் நிற்பேன். இலவச எடிட்டர், இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் சின்னக் கருவி, அழித்த கோப்பை மீட்கும் மாயம் என்று எது கண்ணில் பட்டாலும் லிங்க்கை ஒரு கோப்பில் சேர்த்து ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு வருவேன். கல்கத்தா மழைக்கு ஃப்ளாப்பிக்குள் பூஞ்சை பூத்தது. உடனே சாந்தினி பஜாருக்கு ஓடி, கைக்கு அடங்காத ஜிப் டிரைவ் ஒன்றை வாங்கினேன். அது ஒரு நாள் மரங்கொத்தி போல டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பிறகு சி.டி. ரைட்டர். பிறகு பென் டிரைவ். அதைக் கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டேன். "எனக்குக் கட்டின தாலியைவிடப் பெரிசா இருக்கே" என்றாள் என் மனைவி. கருவி மாற மாற அதே லிங்க் கோப்பை பக்தியோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்த்தேன். அதைத் திறந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும், என் மாமனார் எழுத ஆரம்பிக்காமல் இருந்திருந்தால்.

அவர் கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மனைவி பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கிதிர்பூர் பக்கத்துக் குவார்ட்டர்ஸில். படித்தது வங்காளமும் ஆங்கிலமும். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அவளுக்குச் சுத்தமான வங்காளிப் பெயர். திருநெல்வேலியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் ஒவ்வொரு அத்தையும் அதை ஒவ்வொரு விதமாக முறிப்பாள். அந்தப் பெயரை வைத்தது யார், எதற்கு வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா, இவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இறந்துவிட்டார். மிச்சம் அப்பாதான்.

"ஏன்பா எனக்கு மட்டும் இந்தப் பேரு?"

"அது பெரிய கதைம்மா. வாயால சொன்னா சரியா வராது. எழுதறேன், படிச்சுக்கோ."

"எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே!"

"அது உன் பிரச்சினை."

அவர் எங்களோடு ஜாதவ்பூரில் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தபின், சொன்னபடியே எழுத ஆரம்பித்தார். வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் நான் அதற்கு ஏதாவது புதிதாகச் செருகுவதற்காக எந்நேரமும் மூடியைக் கழற்றிக் குடலை வெளியே எடுத்து வைத்திருப்பேன். ஆகவே அவர் சாப்பிட்டதும் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை சைபர் கஃபேக்குப் போய்விடுவார். வெளிநாட்டில் யாரோ ஒரு தமிழர் தனி ஆளாகச் செய்த தட்டச்சுக் கருவியையும், அதன் எழுத்துருவையும் எங்கிருந்தோ கண்டுபிடித்தார். நான் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு இலவசத் தளத்தில் பக்கம் திறந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பகுதி பகுதியாக ஏற்றினார். பொருளடக்கம் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு பகுதியின் அடியிலும் "அடுத்தது" என்று ஒரு லிங்க். அதை அழுத்தினால் அடுத்த பகுதி. சரக்கு ரயிலில் பெட்டி கோத்த மாதிரி.

ஒரு குளிர்காலத்தில் அவர் காலமானார். அதற்குச் சில நாள் முன்புதான், "உன் பேர் விஷயமும் எழுதி ஏத்தியாச்சு" என்று மகளிடம் சொல்லியிருந்தார். தளத்தின் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டு வைக்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

காரியங்கள் முடிந்ததும் என் மனைவி ஊரிலிருந்து முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வரவழைத்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் 'அணில்', 'ஆடு' என்று ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து, அப்பாவின் பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். ஒரு பத்திக்கு ஒரு மத்தியானம். நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"வேண்டாம். அப்பா எனக்கு எழுதினது. நானே படிச்சு என் பேர் வர்ற இடத்துக்குப் போறேன். நீங்க முன்னாடி போய் எட்டிப் பாத்துட்டு சொல்லக் கூடாது. தாண்டியும் படிக்க மாட்டேன். சத்தியம்."

"சரிம்மா, பாக்கல. நிதானமா படி. அது எங்க ஓடிப் போகுது? பத்திரமா சேவ் பண்ணி வெச்சிருக்கேன்."

இப்படி இரண்டு வருஷத்துக்கும் மேலாக அவள் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் பருப்பு கடைந்தபடி, படித்ததைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பாள். புது வருஷம் பிறக்கும்போது துறைமுகத்தில் எல்லாக் கப்பலும் ஒன்றாகச் சங்கு ஊதுவது, குவார்ட்டர்ஸ் மாடியில் வடகம் காயப் போட்டால் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் வந்து பொரிக்காமலே தின்றுவிடுவது. நான் பக்கத்து அறையில் எதையாவது திருப்புளியால் கழற்றிக்கொண்டு கேட்பேன். சொன்ன சொல் தவறாமல், ஒரு வரிகூட எட்டிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் மனைவி சொல்லைக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் துர்கா பூஜை நெருங்கிய ஞாயிறு. டீ கொடுக்கப் போனவன் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில் ஆங்கிலத்தில் மஞ்சளாக ஒரு பட்டை.

"இது என்னது?"

"அது ரொம்ப நாளா இருக்கே. விளம்பரம்."

விளம்பரம் இல்லை. தளத்தையே மூடப்போகிறோம், உங்கள் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு. மூடும் நாள் பூஜை வாரத்திலேயே வந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நானோ சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அடிக்கக் கை வருகிறது. "இதுக்கா பயப்படறே? புரோகிராமர் வீட்டுல இருந்துட்டு! எல்லாம் இருக்கு" என்று கழுத்திலிருந்த பென் டிரைவை எடுத்து, மந்திரவாதி மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் செருகினேன். கோப்பு திறந்தது. "மாமா பக்கம்" என்று நான் எழுதியிருந்த தலைப்பு. அதன் கீழே ஒரு வரி. http என்று தொடங்கும் ஒரே ஒரு வரி.

சி.டி.யைப் போட்டேன். அதே வரி. ஜிப் டிஸ்க்கைச் செருகினேன். மரங்கொத்தி கொத்தியது. பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பியைக்கூட விடவில்லை. அது மாமனார் எழுத ஆரம்பிப்பதற்கு முந்தைய காலத்தது என்பது, அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபின்தான் உறைத்தது.

"இருக்கில்ல?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இருக்கு, இருக்கு."

"எங்க இருக்கு?"

"பல இடத்துல இருக்கு."

பொய் இல்லை. முகவரி பல இடத்தில் இருந்தது. வீடு ஒன்றுதான், அதைத்தான் இடிக்கப் போகிறார்கள்.

டிஸ்க் டிஸ்க்காகத் துழாவியதிலேயே அன்று ராத்திரி ஆகிவிட்டது. சரி, உட்கார்ந்து இறக்கிவிடலாம் என்று மறுநாள் சாயங்காலம் வந்தால் இணையம் இல்லை. எங்கள் தெரு கிளப் அந்த வருஷம் பந்தலை ஒரு ராஜஸ்தான் கோட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக்குக் கொத்தளம் வைக்க மூங்கில் ஏற்றியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"புஜோர் பொரே" என்றார். பூஜைக்கு அப்புறம்.

கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆள் சாகக் கிடந்தாலும் பூஜைக்கு அப்புறம்தான் சாக வேண்டும்.

அலுவலகத்தில் இறக்கலாம் என்றால், அங்கே இந்த மாதிரி இலவசத் தளங்களை எல்லாம், ஆட்கள் வேலை நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று தடுத்து வைத்திருந்தார்கள். தடுக்கும் ஏற்பாட்டை நிர்வாகத்துக்கு யோசனை சொல்லி, உட்கார்ந்து செய்து கொடுத்தது யார் என்றால், நான். அதை நீக்கும் அதிகாரம் உள்ளவரோ, லீவு போட்டுக்கொண்டு டார்ஜிலிங் போயிருந்தார். பக்கத்து இருக்கை வங்காளித் தாதாவிடம் புலம்பினேன். தாதா என்றால் அங்கே அண்ணன். எனக்கு மூத்தவர், எதற்கும் அசையாதவர். மண் குவளையில் டீயை உறிஞ்சிவிட்டு, "ஹொயே ஜாபே, ஹொயே ஜாபே" என்றார். ஆகிவிடும், ஆகிவிடும். எப்படி ஆகும் என்று கேட்டேன். அதற்கும் அதையே சொன்னார்.

கடைசியில் மிஞ்சியது, மாமனார் உட்கார்ந்து எழுதிய அதே சைபர் கஃபே. அஷ்டமி காலையில் போனேன். முதலாளி புதுப் பஞ்சாபி ஜிப்பா போட்டுக்கொண்டு, அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி செலுத்தப் பந்தலுக்குக் கிளம்பி நின்றார். என்னை அவர் 'ஜாமாய்பாபு' என்றுதான் கூப்பிடுவார். மாமனார் அவருக்கு மேஷோமொஷாய், அதாவது பெரியப்பா முறை. எனவே நான் அந்தக் கடைக்கே மாப்பிள்ளை.

"இன்னிக்குக் கடை இல்லை, ஜாமாய்பாபு."

"உங்க மேஷோமொஷாய் எழுதினது எல்லாம் போயிடும்."

அவர் பாதி ஷட்டரைத் தூக்கி என்னை உள்ளே குனியவிட்டார். "போகும்போது இழுத்து விட்டுடுங்க. பந்தல்ல கிச்சுரிப் பிரசாதத்துக்கு வரலைன்னா மாப்பிள்ளைன்னு பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு தளத்தை முழுசாக இறக்கித் தரும் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் வகுப்பெடுத்திருக்கிறேன். பயன்படுத்தியது அன்றுதான் முதல் தடவை. முகவரியைக் கொடுத்து, மற்றதெல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே விட்டு, பொத்தானை அழுத்தினேன். வெளியே தாக் மேளம். உள்ளே கோப்புகளின் பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் 'முடிந்தது' என்று வந்தது. இறங்கியதில் முதல் பகுதியைத் திறந்தேன். மாமனாரின் தமிழ் அழகாக வந்தது. கண் கலங்கிவிட்டது. அடுத்தடுத்ததைத் திறந்து பார்க்கலாம்தான். ஆனால் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். தவிர, பந்தலிலிருந்து கிச்சுரி வாசனை வந்துவிட்டது. இரண்டு சி.டி.யில் எழுதி, ஷட்டரை இழுத்துவிட்டு, வெற்றி வீரன் போல வரிசையில் போய் நின்றேன். வீட்டில் பிரித்து வைத்த கம்ப்யூட்டரைத் திரும்பப் பூட்டிய சமயம், தளத்தை மூடிவிட்டார்கள்.

லட்சுமி பூஜை கழிந்த ஞாயிறு மத்தியானம் அவள் சி.டி.யைப் போட்டாள்.

"என்னங்க, இது என்ன பாஷை?"

திரை முழுக்க, கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், பவுண்டு அடையாளம், தலைகீழ்க் கேள்விக்குறி. மாமனார் சாபம் கொடுத்த மாதிரி இருந்தது. புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருக்காரரும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தம் இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தைத் திறந்தால் அந்த எழுத்துரு தளத்திலிருந்து தானாக இறங்கி வரும். கஃபேயில் தமிழ் தெரிந்தது, தளம் அப்போது உயிரோடு இருந்ததால். என் கருவி பக்கங்களை எடுத்தது, எழுத்துருவை எடுக்கவில்லை.

எழுத்துருக்காரரின் தளத்தின் முகவரி என் லிங்க் கோப்பில் பத்திரமாக இருந்தது. அழுத்தினேன். அந்தத் தளமும் இல்லை. மாமனார் தட்டிய கம்ப்யூட்டரிலாவது அந்த எழுத்துரு இருக்கும் என்று கஃபேக்கு ஓடினேன்.

"மேஷோமொஷாய் உக்காந்த மெஷினா? பூஜைல யாரோ போட்டோ கொண்டாந்து வைரஸ் ஏத்திட்டாங்க. எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டேன், ஜாமாய்பாபு. இப்போ என்ன வேகம் தெரியுமா!"

பழைய தளங்களைப் படமெடுத்து வைக்கும் வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றிலும் தேடினேன். மாமனாரின் முகப்புப் பக்கம் மட்டும் இருந்தது, கப்பல் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். மாற்றிக் கொடுக்கும் கருவிகளை எல்லாம் முயன்றேன். ஒவ்வொன்றும் தமிழ் போல ஏதோ கக்கியது. ஒன்றில் "ஙௌஞூ" என்று வந்தது. நான் திரையைப் பார்த்து, "மாமா, மன்னிச்சுக்கோங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

என் மனைவி வந்து பக்கத்தில் நாற்காலி போட்டாள். முதல் பகுதியின் குப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது முதல் பகுதிதானே? 'கப்பல் வருவதை நான் முதலில் காதால்தான் பார்த்தேன்.' அதுதான் முதல் வரி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வரியை ஒரு மணி நேரம் கூட்டினா மறக்குமா? எழுதிக்கோங்க. இந்தக் கொம்பு வெச்ச இங்கிலீஷ் ஈ இருக்கில்ல, அது 'க'. இந்தக் கேள்விக்குறி 'ப்'. 'ல்' இதோ. அட, பாருங்க, 'காதால்'ல மறுபடி அதே கொம்பு வருது!"

அவள் சொல்லச் சொல்ல நான் அட்டவணை போட்டேன். எழுத்தெழுத்தாகப் படித்தவளுக்கு எழுத்தெழுத்தாக ஞாபகம் இருந்தது. ஒரு சில ஞாயிறுகளில் எல்லா எழுத்தும் சிக்கியது. நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். குப்பை உள்ளே போனால் மாமனார் வெளியே வந்தார். அவள் கைதட்டினாள். நான் அலுவலகத்துக்கு ரசகுல்லா வாங்கிப் போனேன். தாதா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "போலேச்சிலாம் தோ" என்றார். சொன்னேன் இல்லையா.

அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள். சத்தியத்தை மீறவில்லை, தாண்டிப் போகவில்லை. குளிர்காலம் போய் வெயில் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் சத்தமாகப் படித்தாள்: "அப்போது நாங்கள் மூவரானோம். பெயர் வைக்க ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. ஆனாலும் வைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்." அதன் கீழே 'அடுத்தது'.

"வந்துடுச்சு!" என்றாள். என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அழுத்தினாள்.

பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது.

மறுபடி அழுத்தினாள். நான் சி.டி.யில் இருந்த கோப்புகளைப் பார்த்தேன். இரண்டாவது சி.டி.யையும் பார்த்தேன். பிறகு அந்தக் கருவியைத் திறந்து, நான் அஷ்டமியன்று தொடாமல் விட்ட அமைப்புகளைப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து எத்தனை லிங்க் ஆழம் வரை போக வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஏற்கனவே ஒரு எண் இருந்தது. கருவி அத்தனை தாவு தாவிவிட்டு நின்றுகொண்டு, முடிந்தது என்று சொல்லியிருக்கிறது.

அவள் சி.டி.யை வெளியே எடுத்து உறையில் போட்டாள்.

"நீங்களாவது ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

"நீதானே பாக்கக் கூடாதுன்னே?"

"நான் சொன்னதை எல்லாம் எப்பங்க கேட்டிருக்கீங்க?"

துறைமுகத்து நண்பர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். அவர்களுக்குப் பெயர் தெரியும், காரணம் தெரியாது. அந்தப் பக்கம் எந்த டிஸ்க்கிலும் இல்லை. என் மனைவிக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.